மருந்தாளரைக் கேளுங்கள்: கீமோவும் குமட்டல் மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்துவிட்டது, அந்தச் சிவப்பு மருந்துதான். டே கேரில் மூன்று வகை மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் நன்றாக இருந்ததால், "வாந்தியே இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று அம்மா எடுத்து வைத்துவிட்டார். இரண்டாம் நாள் இரவு ஆரம்பித்து நான்காம் நாள் வரை கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன்னிடமிருந்த மாக்ஸலான் (மெட்டோகுளோப்ரமைடு) என்ற வாந்தி மாத்திரையைக் கொடுத்தார். நானும் பயந்துபோய் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இரவில் கொடுத்தேன், அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இனிப்புநீர் வேறு இருக்கிறது, ரத்தத்தில் சீனி 17 mmol/L-க்குப் போய்விட்டது. ஒலான்சபின் என்ற மாத்திரை மனநோய்க்கு என்று இணையத்தில் போட்டிருப்பதால் அதைக் கொடுக்கவே இல்லை. அடுத்த வாரம் இரண்டாவது கீமோ. என்ன செய்வது?
மகள், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நீங்கள் பயந்தது நியாயம்தான், அந்த நாலு நாள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, புற்றுநோய் வார்டில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். இது தலைவலிக்குப் போடும் பெனடோல் மாதிரி இல்லை, வந்த பிறகு போட்டுக்கொள்ள. சிவப்பு மருந்து, அதாவது டாக்ஸோரூபிசின், இன்னொரு கீமோ மருந்தோடு சேர்த்து ஏற்றப்படும்போது கடுமையாகக் குமட்டும் வகை. முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒன்று, ஐந்தாம் நாள் வரை தாமதமாக வருவது இன்னொன்று. முதல் நாள் அம்மா தெம்பாக இருந்ததற்கு, கீமோவுக்கு முன்பே வார்டில் கொடுத்த மருந்துதான் பெரும்பாலும் காரணம். அதன் வேகம் குறையும் நேரத்தில் கைகொடுக்கத்தான் வீட்டுக்கு மாத்திரை. ஒருமுறை வாந்தி பிடித்துக்கொண்டால் அடக்குவது கஷ்டம், அதனால் நன்றாக இருந்தாலும் சொன்ன நாள்வரை நேரம் தவறாமல் கொடுங்கள். "தேவைப்பட்டால் மட்டும்" என்று உறையில் எழுதியிருப்பது எது, தினமும் போட வேண்டியது எது என்று தாதியிடம் கேட்டு, தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

ஒலான்சபின் மனநோய்க்கான மருந்துதான், பொய்யில்லை. ஆனால் குறைந்த அளவில், சில நாள் மட்டும், கீமோ குமட்டலை நன்றாகவே அடக்குகிறது. அம்மாவுக்கு மனநோய் என்று யாரும் நினைக்கவில்லை. தூக்கம் வரும், அதனால்தான் பெரும்பாலும் இரவில் போடச் சொல்வார்கள். இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது யாராவது கூடப் போங்கள்.

அந்த மாக்ஸலான் விஷயத்துக்கு வருகிறேன். அக்கா நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், ஆனால் தயவுசெய்து இனி வேண்டாம். அதுவும் ஒலான்சபினும் மூளையில் ஒரே இடத்தில் வேலை செய்பவை. இரண்டும் சேர்ந்தால் தாடை இறுகுவது, கழுத்து ஒருபக்கம் இழுப்பது, உட்கார முடியாத தவிப்பு எல்லாம் வரலாம். தனியாகப் போட்டாலே சிலருக்கு வரும்.

டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சீனியை ஏற்றும். காலையில் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டியது. இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மதியத்தோடு முடிக்கலாமா என்று கேளுங்கள். அதற்காக நீங்களாக அதை நிறுத்தவோ, இன்சுலினைக் கூட்டவோ வேண்டாம். கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் "போன தடவை 17 போனது" என்று சொல்லுங்கள், அந்த நாட்களுக்கு மட்டும் வேறு திட்டம் போட்டுத் தருவார்.

கொடுத்த மாத்திரைகளில் ஒண்டான்செட்ரோன் என்ற குமட்டல் மருந்து இருந்தால் மலச்சிக்கல் வரலாம், சொல்லக் கூச்சப்பட்டு வயிறு கல் மாதிரி ஆகும்வரை இருக்க வேண்டாம். அம்மாவுக்கு இதயத்துடிப்புப் பிரச்சினை இருந்தாலோ, கிளினிக்கில் புதிதாக ஆன்டிபயாடிக் கொடுத்தாலோ, இந்த மாத்திரையைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று கொடுக்காமல் வார்டுக்குப் போன் பண்ணுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வாந்தியில் ரத்தம், மயக்கம், 38 டிகிரி காய்ச்சல், வயிறு உப்பி மலமும் காற்றும் போகவில்லை: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய் "கீமோ நோயாளி" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு நாலாவது கீமோ. மருத்துவமனை வாசலில் கார் நிற்பதற்குள் குமட்ட ஆரம்பிக்கிறது, இன்னும் மருந்தே ஏற்றவில்லை! "எல்லாம் மனசுதான்" என்று மாமியார் சொல்கிறார்.
செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அவர் நடிக்கவில்லை. முந்தைய சுற்றுகளில் பட்ட கஷ்டத்தை உடம்பு அந்த வாசலோடும் வாசனையோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். முந்தைய இரவே போடும்படி லோராசெபம் மாதிரி பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று எழுதித் தரலாம், குமட்டல் மருந்தையும் மாற்றலாம். இஞ்சித் தண்ணீர் கொஞ்சம் குடிக்கட்டும், அசாம் பொய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம்) வாயில் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் லேகியமோ மூலிகை மாத்திரையோ கேட்காமல் வேண்டாம். லோராசெபம் போட்டால் காரை நீங்கள் ஓட்டுங்கள், அல்லது கிராப் எடுங்கள்.