நாவலைச் சினிமா முழுதாகக் கொண்டுவர முடியுமா? ‘வெக்கை’ படித்தவர்களுக்கு ‘அசுரன்’ எப்படி இருந்தது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வெக்கை நாவலை வைத்து வெற்றிமாறன் எடுத்த அசுரனை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு இப்போதுதான் வெக்கையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதி தாண்டியும் படத்தில் அப்பாவாக வரும் சிவசாமி வரவில்லையே என்று தேடியிருப்பீர்கள். வர மாட்டார். நாவலில் அந்தப் பெயரில் ஆளே இல்லை. அப்பா இருக்கிறார், ஆனால் அவர் வேறு மனிதர்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். வெக்கையை எழுதிய பூமணியும் எங்கள் வட்டாரம்தான், ஆண்டிபட்டி. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப்போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

படிக்காதவர்களுக்காக: வெக்கை 1982இல் வந்த சின்ன நாவல். சிதம்பரம் என்ற 15 வயதுப் பையன், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை அரிவாளால் வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்க வேண்டும் என்றுதான் போகிறான், ஆள் செத்துப்போகிறான். இதெல்லாம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் அப்பாவும் மகனும் எட்டு நாள் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்குகிறார்கள், படுத்துக்கொள்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். கதையென்று சொன்னால் இவ்வளவுதான்.

படம் என்ன செய்தது? பையனின் கண் வழியாகப் போகிற கதையைத் தூக்கி அப்பாவின் கையில் கொடுத்தது. மகன் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான், இடைவேளையில் அப்பா எழுந்து நின்று அத்தனை பேரையும் அடிக்கிறார், அப்புறம் அவருடைய இளமைக்காலம் ஃப்ளாஷ்பேக்காக விரிகிறது. இதில் எதுவும் நாவலில் இல்லை. அந்த ஃப்ளாஷ்பேக் முழுக்கப் படத்துக்காக எழுதியது. பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் ஒதுக்கிய நிலம்), செருப்புப் போட்டதற்காக அவமானப்படுத்துவது, குடிசைகளுக்குத் தீ வைப்பது. அந்தத் தீயைப் பார்க்கிற யாருக்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிந்துபோன 44 பேர் நினைவுக்கு வராமல் இருக்காது. பூமணி நாவலில் சாதிப் பெயரையே எழுத மாட்டார். எழுதாமலே நமக்குத் தெரியும். படம் அதை வெளியே எடுத்து வைத்துப் பேசுகிறது.

உடனே சிலர் வருவார்கள், ‘சினிமா வேறு மொழி, நாவல் வேறு மொழி, இரண்டையும் ஒப்பிடக் கூடாது’ என்று. தெரியும் ஐயா. நான் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. உமாசந்திரனின் நாவலிலிருந்து காளியை எடுத்துக்கொண்டு தன் போக்கில் போன மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ எனக்கு உயிர். பொன்னியின் செல்வனில் மணிமேகலை இல்லையே என்று என் தங்கை ஒரு வாரம் புலம்பினாள். ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடைத்தால் யாராவது விடுபடத்தான் செய்வார்கள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வெற்றிமாறன் மேலும் எனக்குக் குறை கிடையாது. ‘லாக்கப்’ புத்தகத்தையும் படித்திருக்கிறேன், அதை வைத்து அவர் எடுத்த ‘விசாரணை’யையும் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு ஏமாற்றமும் இல்லை. அதனால் இதைப் படத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அசுரன் 2019 அக்டோபர் 4 அன்று வெளியானது. ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நான் அப்பாவைக் கோவில்பட்டிக்குப் படத்துக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு அப்போது 71 வயது. தியேட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நம்ம ஊர்ப் படம், கரிசல் காடெல்லாம் காட்டுகிறார்கள் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். இடைவேளைச் சண்டையில் தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. அப்பா அசையவில்லை. அதற்கு முன்னால், மகனை மீட்பதற்காக சிவசாமி ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிற காட்சி வருமில்லையா, அப்போது திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ‘எனக்குச் சோறு வேண்டாம்’ என்றார். அவ்வளவுதான். படம் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

எனக்கோ அவருக்கு வெக்கையைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் படித்தபோது வாங்கிய பிரதி யாரிடமோ போய்த் திரும்பவே இல்லை. பொங்கலுக்கு முந்தி ஊருக்குப் போனபோது, பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மூன்று நாள் தொடர்ந்து போனேன், மூன்று நாளும் பூட்டு. நான்காவது நாள் திறந்திருந்தது. பதிவேட்டில் வெக்கை இருக்கிறது, அலமாரியில் இல்லை. ‘யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க’ என்றார் அங்கிருந்தவர், யார் என்று தேடிக்கூடப் பார்க்காமல். அந்த எழுத்தாளர் பிறந்த மண்ணில், அவர் எழுதிய நாவலைப் படமாகப் பார்க்க ஊரே முண்டியடித்த மூன்றாவது மாதத்தில், ஒரு பிரதி கிடையாது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள். என் அப்பா வருஷம் தவறாமல் கட்டியிருக்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் ‘நாவல் படிக்க ஆளில்லை’ என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் வந்து வயிறு எரிகிறது.

பிறகு நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில் வாங்கினேன். மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், நான் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை, எழுத்து கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் வாசல் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்துக்கொள்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். ஒன்பது சாயங்காலம் ஆனது.

முதல் நாள் பேசாமல் கேட்டார். வேகமாகப் போனால் மட்டும் ‘பதறாம வாசிய்யா’ என்பார். இரண்டாம் நாள், அவர்கள் காட்டில் சோறு பொங்கும் இடத்தில் சட்டென்று கேட்டார்: ‘உப்பு எதுல வச்சிருப்பாக?’

எனக்குப் புரியவில்லை. ‘அரிசி இருக்கும், தண்ணி ஓடையில கிடைக்கும், சுள்ளிக்குப் பஞ்சமில்ல. உப்பும் தீப்பெட்டியும் நனையாம இருக்கணுமே. அதச் சொல்லியிருக்காரா பாரு’ என்றார். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவராகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்குமாம். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறையில் தகராறு. எங்கள் தாத்தா ஒரு ஆளை மண்வெட்டிக் கணையால் அடித்துவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரி பழிக்குப் பழியாக மகனைத் தூக்கிவிடுவார்களோ என்று பயந்து, தாத்தா அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டார். மூன்று ராத்திரி. உப்பை வேட்டி முனையில் முடிந்து, தீப்பெட்டியைத் தலைப்பாகைக்குள் வைத்திருந்தாராம். மணலைப் போட்டுச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, சோறு பொங்கி, முதல் கவளத்தை அப்பாவின் கையில் வைத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருப்பாராம். ‘எங்கய்யா பசிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிறக் கூடாதுல்ல’ என்றார் அப்பா.

எனக்கு 38 வயது அப்போது. தாத்தா எனக்குச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோ மட்டும்தான். இந்தக் கதை அம்மாவுக்கே தெரியாது.

இதைத்தான் படத்தில் காணோம் என்று சொல்கிறேன். இரண்டே கால் மணி நேரத்தில் துரத்தலும் வெட்டும் வைத்தாக வேண்டிய படத்தில், ஒளிந்திருப்பவர்கள் சும்மா இருக்கிற நேரத்துக்கு இடம் கிடைக்காது. பூமணி நாவலில் அதுதான் முக்கால்வாசி. கொலை செய்த பையன் அப்பாவின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற நேரம், அடுத்த வேளைக்கு என்ன பொங்கலாம் என்று யோசிக்கிற நேரம். அப்பா அவனைத் திட்டுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. கூடவே நடக்கிறார்.

ஒரு மாதம் முன்னால் இந்தப் பதிலை எழுதியிருந்தால் இங்கேயே முடித்திருப்பேன், நாவல்தான் உசத்தி என்று. ஆனால் உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு அந்தக் கடைசிச் சாயங்காலத்தைத் திரும்ப யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவும் மகனும் கோர்ட்டுக்குப் போகிறதோடு வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். ரொம்ப நேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், ‘கால்ல விழுந்தது வரலியே’ என்றார். அது படத்தில் மட்டும்தான் இருக்கிறது, நாவலில் இல்லை என்றேன்.

‘நாலாம் நாளு பெரிய மனுசங்க வந்து பேசி முடிச்சாக. எங்கய்யா விழுந்தாரு. வரிசையா. நான் பக்கத்துல நிக்கேன்.’

நான் எதுவும் கேட்கவில்லை. தியேட்டரில் துண்டால் வாயைப் பொத்தியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுதியவர் வைக்காத, படம் சேர்த்துக்கொண்ட ஒரு காட்சி.

‘புஸ்தகத்துல இல்லேல்ல?’ என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

‘அப்பச் சரி’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.