ஏழரை மணிக் கூட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருத்துவமனைக் கூட்டத்தைக் கணிதத்தின் துணையால் குறைக்க முடியும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். என் பெயரும் ஊர் பெயரும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், கட்டுரை எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் ஓ.பி. வாசலில் வந்து நின்று பாருங்கள். ஏழரை மணிக்குத்தான் சீட்டுக் கொடுக்க ஆரம்பிப்போம், ஆறு மணிக்கே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுகர், பி.பி.க்கு வருகிறவர்கள் மட்டும் எண்பது பேர். அவர்களுக்கு ஒரே டாக்டர். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும். காத்திருந்து அலுத்தவர்களிடம் பேச்சு வாங்குவது நாங்கள். எங்களுக்கு வேண்டியது இன்னொரு டாக்டர். சூத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று. ஏற்கெனவே மனிதர்களை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கணக்கு என்ற பெயரில் அவர்களை இன்னும் எண்ணாக்க வேண்டுமா? இத்தனைக்குப் பிறகும் உங்கள் கணக்கில் ஏதாவது இருக்கிறது என்றால், காசு செலவில்லாமல், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் நாங்களே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒரு செவிலியர்

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். 80 பேர், 4 மணி நேரம், ஒரு டாக்டர். ஆளுக்கு 3 நிமிடம் வருகிறது.

எட்டு மணிக்கு 80 பேரும் வாசலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் உடனே உள்ளே போகிறார். கடைசி ஆள் 237 நிமிடம் காத்திருக்கிறார். சராசரி 118 நிமிடத்துக்குச் சற்று மேல், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எல்லோருடைய காத்திருப்பையும் கூட்டினால், அந்த ஒரு காலையில் மட்டும் 158 மணி நேரம். ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்ததை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே டாக்டர், அதே 80 பேர், அதே 3 நிமிடம். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மணிக்கு 20 பேராக வரச் சொல்கிறோம். சராசரிக் காத்திருப்பு 28 நிமிடத்துக்குச் சற்று மேல். மொத்தம் 38 மணி நேரம். மீதமாவது 120 மணி நேரம், அதாவது பதினைந்து பேருடைய ஒரு முழு நாள் உழைப்பு. புதிதாக ஒரு டாக்டரையும் நியமிக்காமல், ஒரு நாற்காலியும் கூடுதலாகப் போடாமல் கிடைப்பது இது. உங்கள் வாசலில் இருப்பது இரண்டு தட்டுப்பாடுகள். டாக்டர் இல்லாத தட்டுப்பாடு ஒன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் உண்டாகும் தட்டுப்பாடு இன்னொன்று. முதலாவதை நீங்களும் நானும் தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்க்க முடியும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். எல்லோருக்கும் சரியாக 3 நிமிடமா ஆகிறது? காலில் புண்ணோடு வருகிறவருக்குப் பத்து நிமிடம் ஆகும். பழைய சீட்டில் அதே மாத்திரை என்றால் ஒரே நிமிடம். ஆட்களும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கப் போவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டுவருவதற்கென்றே ஒரு துறை பிறந்தது. 1909-ல் கோபன்ஹேகனில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதர், அழைப்புகள் எத்தனை வரும் என்பது நிச்சயமில்லாதபோது இணைப்புகள் எத்தனை வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். இன்று வரிசைக் கோட்பாடு என்று கல்லூரிகளில் நடத்துவதன் தொடக்கம் அதுதான்.

அதன் மிக எளிய மாதிரி சொல்வதைக் கேளுங்கள். வருகையும் பார்க்கும் நேரமும் தாறுமாறாக இருக்கும் ஒற்றை வரிசை, சராசரி 3 நிமிட வேலை. டாக்டருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். 90 விழுக்காடு என்றால் 27 நிமிடம். 95 என்றால் 57. நூறை நெருங்கும்போது வரிசைக்கு முடிவே இல்லை. நான்கு மணி நேரத்தில் முடியும் ஓ.பி.யில் இது இவ்வளவு கொடுமையாக வராது என்றாலும் போக்கு இதுதான். வேலைப் பளு 90-லிருந்து 95-க்கு, ஐந்தே விழுக்காடு கூடும்போது காத்திருப்பு இரட்டிப்பாகிறது. நீங்கள் சொல்லும் 80 பேர், நான்கு மணி நேரம் என்பது நூறு விழுக்காடு. அதை 72 ஆக்கினால் 90 விழுக்காடு. எட்டே பேர்.

அந்த எட்டுப் பேர் யார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பி.பி. சரியாக இருக்கிறது, மாத்திரைக்காக மட்டும் வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவர்களுக்காகத்தான் வந்தது. வீட்டிலேயே மாத்திரை கிடைத்தால் அவர்கள் வரிசைக்குள் வரவே தேவையில்லை. அந்தத் திட்டத்தை எல்லோரும் வயதானவர்களுக்கான உதவியாக மட்டும் பார்க்கிறார்கள். வாசலில் நிற்கும் மற்ற 72 பேருக்கும் அது உதவுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும், அது ரத்தப் பரிசோதனை. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருகிறார். முதலில் சீட்டு வரிசை. பிறகு பி.பி. பார்க்கும் மேசை. பிறகு ரத்தம் எடுக்கும் இடம். அங்கே போய்ச் சேரும்போது மணி ஒன்பது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், அதற்குள் பதினொன்றரை. முடிவு வருவதற்குள் டாக்டர் எழுந்துவிடுகிறார். "நாளைக்கு வாங்க" என்கிறோம். அந்த அம்மாவைத் தாமதப்படுத்தியது டாக்டர் இல்லை, காலையின் முதல் ஒன்றரை மணி நேரம். சுகர் நோயாளிகளின் ஓ.பி.யில் எட்டு மணிக்கு முன்னால் இறுகும் முடிச்சு ரத்தம் எடுக்கும் மேசைதான். இரண்டு மணி நேர இடைவெளியை எந்தக் கணிதமும் குறைக்க முடியாது. ஆனால் அந்தக் கடிகாரத்தை ஒன்பதுக்குப் பதில் ஏழரைக்கே ஓடவிடலாம். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு முதலில் ரத்தம், சீட்டும் பி.பி.யும் அதற்குப் பிறகு. அவர்கள் சாப்பிட்டுக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் டாக்டர் மற்றவர்களைப் பார்க்கட்டும். வேலைகளின் வரிசையை மாற்றுவது மட்டும்தான் இது. எனக்கு மிகவும் பிடித்த வகைத் தீர்வு.

ஓ.பி. நேரக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர்களில் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த நார்மன் பெய்லி, 1952-ல். தற்செயல் எண்களைக் கொண்டு காகிதத்திலேயே ஓ.பி.யை நடத்திப் பார்த்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை ஒன்றாக வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச் சொல்லுங்கள் என்பது அவர் கண்ட வழி. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அவர் தராசின் இரண்டு தட்டுகளிலும் நேரத்தை வைத்தார் என்பதுதான். ஒரு தட்டில் டாக்டர் சும்மா இருக்கும் நேரம், மறு தட்டில் நோயாளி காத்திருக்கும் நேரம். டாக்டரின் ஒரு நிமிடம் நோயாளியின் எத்தனை நிமிடத்துக்குச் சமம்? இந்த எண்ணை யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் விட்டால், நம் மருத்துவமனைகளில் இப்போது நடப்பதுபோல, நோயாளியின் நேரம் பூஜ்யம் என்று எழுதியதாக ஆகிவிடுகிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. மனிதர்களை எண்ணாக்குவது டோக்கன். அவர்களுடைய நேரத்துக்கு ஒரு மதிப்பைப் போடுவது கணக்கு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்குச் சுற்றிய பீடிக்குத்தான் கூலி, ஒரு காலை போனால் அந்தக் காலையின் கூலியும் போயிற்று. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு அரை நாள் விடுப்பு. வேலூர் நகரத்தில் இதை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனையில் பார்ப்பதற்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கி, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் காத்திருப்பு நிமிடத்தில் இல்லை, நாளில். ஒரு ஸ்கேன் ஒரு நாள் தள்ளிப்போனால் இன்னோர் இரவு வாடகை, மூன்று வேளை சாப்பாடு, சில நேரம் திரும்பும் ரயில் டிக்கெட்டும் வீண். வரிசையைத் திட்டமிடும்போது இதெல்லாம் கணக்கின் உள்ளே வர வேண்டும். வந்தால், டாக்டர் இடையிடையே பத்து நிமிடம் சும்மா இருப்பதை வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படுக்கைகளுக்கும் இதேதான். 1999-ல் பிரிட்டனில், அவசர நோயாளிகள் வருவதைக் கணினியில் நடத்திப் பார்த்த ஓர் ஆய்வு, சராசரியாக 85 விழுக்காட்டுக்கு மேல் படுக்கைகள் நிரம்பியிருந்தால் ஆபத்து தெரியத் தொடங்கும், 90-ஐத் தாண்டினால் இடமில்லாத நெருக்கடி அடிக்கடி வரும் என்று சொன்னது. காலியாக இருக்கும் படுக்கை, இரவு இரண்டு மணிக்கு வரப்போகிறவருடையது.

டாக்டர் தட்டுப்பாட்டைக் கணக்கு மூடி மறைத்துவிடும் என்று நீங்கள் அஞ்சுவது தெரிகிறது. மாறாக நடக்கும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் 80 பேருக்கான இடத்தில் 130 பேர் வந்தால் எந்த அட்டவணையும் நிற்காது. அப்போது "கூட்டம் அதிகம், டாக்டர் வேண்டும்" என்று மனு எழுதுவதற்கும், இத்தனை பேர், இத்தனை நிமிடம், இத்தனை மணி நேரப் பற்றாக்குறை என்று எழுதுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதற்கு மேலிடம் ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கணக்கை நம்பி நடக்கும் வழக்கம் தமிழ்நாட்டு அரசு மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு அது. மாத்திரைகளுக்குக் காட்டிய அக்கறையை, அதை வாங்கக் காத்து நிற்பவருடைய நேரத்துக்கும் காட்டச் சொல்கிறேன்.

நேரம் பிரித்துக் கொடுப்பதில் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. பெய்லியின் யோசனை இங்கே அப்படியே செல்லாது, ஏனென்றால் இங்கே நோயாளி வரும் நேரத்தைத் தீர்மானிப்பது பஸ். எட்டு இருபதுக்கு வா என்று மலையடிவாரத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியாது. அதனால் நிமிடம் வேண்டாம், மணி போதும். ஊரை வைத்துப் பிரியுங்கள். உள்ளூர்க்காரர்களில் வெறும் வயிற்றுப் பரிசோதனை உள்ளவர்கள் முதலில், முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் அடுத்து, பரிசோதனை இல்லாத உள்ளூர்க்காரர்கள் பதினொன்றுக்கு. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் நோயாளிகள் பஸ் வரும் பாதையில்தான் வருகிறார்கள், எல்லைக்கோட்டைப் பார்த்து வருவதில்லை. கால அட்டவணை போடும்போது வரைபடத்தை விட டிப்போவின் நேரப் பலகைதான் உங்களுக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட நம்பிக்கை முக்கியம். ஆறு மணிக்கே ஏன் வருகிறார்கள்? பத்து மணிக்கு வந்தால் பார்ப்பார்களா என்று தெரியாததால். பத்து மணிச் சீட்டுக்காரர் ஒருவரைப் பதினொன்றரைக்குத் திருப்பி அனுப்பினீர்கள் என்றால், அடுத்த மாதம் அந்த ஊரே ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே முதலில் எல்லோருக்கும் நேரம் கொடுக்க வேண்டாம். திரும்ப வரும் நோயாளிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுங்கள், கொடுத்த நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வாரத்துக்கு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நான்கு நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். வந்த நேரம், ரத்தம் கொடுத்த நேரம், டாக்டரிடம் உள்ளே போன நேரம், மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிய நேரம். எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் என்பதையும் ஒரு வார்த்தை. உங்கள் பதிவேட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்று இருக்கும், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று இருக்காது என்றே நினைக்கிறேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்களை முதலில் ரத்தம் எடுக்க அனுப்புவதை மட்டும், ஆய்வக ஊழியரிடம் பேசிக்கொண்டு, இரண்டாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்தையும் இரண்டாவதையும் ஒப்பிட அது வசதி.

குறித்ததைப் பெயர், நோய் விவரம் எதுவும் இல்லாமல், நேரங்களை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள். கூட்டிக் கழித்துத் தருகிறேன். திங்கட்கிழமைச் சீட்டுகளைத் தனிக் கட்டாக வையுங்கள், அன்றைய கூட்டம் மற்ற நாட்களின் சராசரியோடு சேராது.

அன்புடன்