போவிஸ் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்

பிரிட்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒரு நாள் சென்றுவர ஏற்ற பழைய பிரபுக்கள் மாளிகை எது, பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊரை ஒட்டிய குன்றின்மேல் நிற்கும் போவிஸ் கோட்டையைத்தான் நான் சொல்வேன். இதைவிடப் பெரிய மாளிகைகள் இங்கே பல உண்டு. ஆனால் சென்னையோடும் ஆற்காட்டோடும் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடும் இவ்வளவு நெருங்கிய தொடர்புள்ள வேறொரு வீட்டை நான் பார்த்ததில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் ஒருவர் எழுப்பிய செந்நிறக் கல் கோட்டை இது. 1587 முதல் ஹெர்பர்ட் குடும்பத்திடம் இருந்து, 1952-இல், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. அக்குடும்பத்துப் பெண்ணான ஹென்றியெட்டாவை 1784-இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு மணந்தார். ராபர்ட் கிளைவ் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1774-இல், இறந்துவிட்டார். அவர் இந்த வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். இருப்பினும், 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்திறங்கி, 1751-இல் ஆற்காட்டைப் பிடித்துப் புகழ்பெற்று, பின்னர் வங்காளத்தில் பெருஞ்செல்வம் குவித்த அந்த மனிதரின் பணந்தான் கடனில் சிக்கிச் சீரழிந்திருந்த இந்தக் கோட்டையைப் பின்னாளில் மீட்டெடுத்தது. இந்த ஒரு செய்தியைப் போகும் வழியிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின் அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

உள்ளே நீண்ட கூடம், அரசருக்கென அமைத்த படுக்கையறை, ஓவியங்கள் எல்லாம் உண்டு. அவற்றைச் சற்று வேகமாகவே கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது கிளைவ் காட்சியறை. எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார். அவருடைய காலத்தில்தான், 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். திப்புவின் அரியணையை அலங்கரித்த, மணிகள் பதித்த பொற்புலித் தலை ஒன்று இந்த வீட்டுத் தொகுப்பில் சேர்ந்தது அப்படித்தான். திப்புவின் கூடாரமும் இங்கேதான் இருக்கிறது. பூச்சாடியும் கொடியும் அச்சிட்ட பருத்தித் துணியால் ஆனது அது. ஓர் அரசரின் போர்க்களக் கூடாரம் பிற்காலத்தில் இங்கே தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாக நின்றது என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், ஆரணிக்காரர், அந்தத் துணியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம சீட்டித் துணி மாதிரியே இருக்குதேம்மா" என்றார். பேத்திக்கு அவர் அங்கேயே சாயம் ஏற்றும் முறையை விளக்கத் தொடங்கினார். சுற்றியிருந்த சிலரும் நின்று கேட்டார்கள்.

பெண் குழந்தை இருந்தால் சார்லட்டின் கதையையும் சொல்லுங்கள். 1800-ஆம் ஆண்டு ஹென்றியெட்டா தம் இரு மகள்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, யானைகளும் மாட்டு வண்டிகளும் பரிவாரமும் சூழ, வேலூர், மைசூர், தஞ்சாவூர் எனப் பல மாதங்கள் தென்னிந்தியாவைச் சுற்றினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதே ஆன இளைய மகள் சார்லட் அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்தாள். பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியப் பொறுப்பில் அமர்ந்தவரும் அவரே. ஏறத்தாழத் தன் வயதுப் பெண் ஒருத்தி தஞ்சாவூரைப் பார்த்து எழுதினாள் என்று கேட்டதும் என் மகள் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டாள்.

பிறகு தோட்டத்துக்கு வாருங்கள். பாறையைச் செதுக்கிப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த படித்தளங்களும், அவற்றின்மேல் மேகம் கவிந்தாற்போல் வழியும் பெரிய யூ மரங்களும், தாராளமாகத் திரியும் மயில்களும் சிறுவர்களை மாலைவரை பிடித்து வைத்துக்கொள்ளும். சரிவும் படிகளும் மிகுதி என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேல்தளத்திலேயே இருந்து செவெர்ன் பள்ளத்தாக்கைப் பார்ப்பது நல்லது. தள்ளுவண்டியையும் நம்பாதீர்கள், கைக்குழந்தையைத் தூக்குப்பையில் சுமந்து செல்லுங்கள்.

பர்மிங்காமிலிருந்து நேரடி ரயில் வெல்ஷ்பூலுக்கு உண்டு. ஊரிலிருந்து மான்கள் மேயும் பூங்கா வழியாக நடந்தே கோட்டையை அடையலாம். இப்படி ஆண்டுக்குச் சில மாளிகைகளாவது பார்ப்பதாக இருந்தால், நேஷனல் டிரஸ்டின் குடும்ப உறுப்பினர் சீட்டு வாங்குவதே சிக்கனம். பொருள்களைச் சில வேளைகளில் பராமரிப்புக்காகவோ வேறு கண்காட்சிகளுக்காகவோ எடுத்துவிடுவார்கள். ஆகவே காட்சியறை திறந்திருக்கிறதா, கூடாரம் பார்வைக்கு இருக்கிறதா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.