மும்பை பி.கே.சி.யில் வேலை, வாடகைக்கு 40 ஆயிரம்: எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து மும்பை பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.) அலுவலகத்துக்கு மாற்றல். கணவன், மனைவி, அடுத்த வருடம் பள்ளியில் சேர வேண்டிய மகள். வாடகைக்கு 40 ஆயிரம் வரை கொடுக்க முடியும். மாட்டுங்கா, செம்பூர், தாணே, நவி மும்பை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

நான் முலுண்டில் குடியிருப்பவன். கல்யாணத்துக்கு முன் டோம்பிவிலி, அதற்கும் முன் அந்தேரியில் பேயிங் கெஸ்ட். முலுண்டும் டோம்பிவிலியும் மத்திய ரயில்வே பாதையில் இருப்பவை, அதனால் சொல்வதில் மத்திய ரயில்வே வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஏரியாவை முடிவு செய்துவிட்டு, பஸ்ஸோ பைக்கோ ஏதோ ஒன்றில் ஆபீஸ் போய்க்கொள்ளலாம் என்று இருப்போம். இங்கே ரயில் பாதையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் ஸ்டேஷன். அதற்கும் அப்புறம், ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை நிமிட நடை என்பது. வீடு கிழக்கு பார்த்ததா, பால்கனி உண்டா என்பதெல்லாம் கடைசியில் வரும் கேள்விகள். வாடகை விளம்பரங்களில் 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் போடுவது இதனால்தான். அந்த 5 நிமிடம் இரவு 11 மணிக்கு ஆட்டோவில் போனால் ஆகிற 5 நிமிடமாகவும் இருக்கலாம். நீங்களே நடந்து பார்த்துவிடுங்கள்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். ரயில் பாதைகளும் அப்படியே. மேற்கு ரயில்வே சர்ச்கேட்டில் தொடங்கி 60 கி.மீ. தள்ளி விரார் வரையும் அதைத் தாண்டியும் போகிறது. மத்திய ரயில்வே சி.எஸ்.எம்.டி.யிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) தாதர், குர்லா, தாணே வழியாகக் கல்யாண் போய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஹார்பர் பாதை குர்லாவில் விலகி, செம்பூர், வாஷி, நெருல் வழியாகப் பன்வேல் போகிறது. கிழக்கு மேற்காகக் குறுக்கே போவதுதான் இந்த ஊரில் கஷ்டம். வரைபடத்தில் முலுண்டும் போரிவலியும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும். நடுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, காடு. ரயிலில் போவதானால் தெற்கே தாதர் வரை இறங்கி வண்டி மாறித் திரும்ப வடக்கே ஏற வேண்டும். ஆகவே வரைபடத்தில் விரலால் அளந்து வீடு பார்க்காதீர்கள்.

உங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பி.கே.சி.க்குள் லோக்கல் ரயில் கிடையாது. மேற்கே பாந்திராவில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கிழக்கே குர்லாவில். அங்கிருந்து பெஸ்ட் பஸ் (இந்த ஊர் டவுன் பஸ்), அல்லது ஷேர் ஆட்டோ. காலை 9 மணிக்குக் குர்லா மேற்குப் பக்கம் இறங்கிப் பாருங்கள். நடைபாலத்திலிருந்து இறங்குகிற கூட்டம் அப்படியே ஆட்டோ வரிசையாக மாறும். "பி.கே.சி., பி.கே.சி." என்று கூவிக்கொண்டே பின்னால் மூன்று பேரை அடைத்ததும் வண்டி நகரும், நகர்ந்து பத்தடியில் சிக்னலில் நிற்கும். ரயிலில் வந்த நேரமும் இந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஆன நேரமும் ஒன்றாக இருக்கிற நாட்கள் உண்டு. மழை நாளில் ஆட்டோவே வராது. பி.கே.சி.யில் வேலை செய்கிறவர்கள் புலம்புவதெல்லாம் இந்தக் கடைசித் துண்டைப் பற்றித்தான். எனவே வீட்டிலிருந்து ஸ்டேஷன், ரயில், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் என்று மூன்றாகப் பிரித்து நேரம் போடுங்கள்.

இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பழைய ஆட்கள் பலர் இதைக் கணக்கில் எடுக்காமலே யோசனை சொல்வார்கள். பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ 3, ஆரேயிலிருந்து பி.கே.சி. வரை 2024 அக்டோபரில் திறந்தது. 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுப் பாதையும் ஓட ஆரம்பித்துவிட்டது. மரோல் நாக்காவில் அது வெர்சோவா-காட்கோபர் பாதையான மெட்ரோ 1-ஐச் சந்திக்கிறது. அதாவது மரோல் பக்கம் குடியிருந்தால் ஒரே வண்டி, குளுகுளுவென்று, நேராக பி.கே.சி. முன்பெல்லாம் மரோலை யாருக்கும் சிபாரிசு செய்திருக்க மாட்டேன். அந்தேரி-குர்லா ரோட்டு நெரிசல் அப்படி. இப்போது உங்கள் பட்ஜெட்டுக்குப் பழைய கட்டடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு அகப்படுமா என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

மாட்டுங்காவை எல்லோரும் ஏன் சொல்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்கே ஆரம்பித்தது. கோயில், பூக்கடை, வாழையிலை, ராமா நாயக் போர்டிங் ஹவுஸ் சாப்பாடு, கஃபே மெட்ராஸ் தோசை, எல்லாம் ஒரே சுற்றுக்குள். ஆனால் 40 ஆயிரத்தில் குடும்பத்தோடு கௌரவமாக இருக்க அங்கே வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. பழைய கட்டடங்களில் பாதி பகடி முறையில் (மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுச் சொற்ப வாடகையில் இருப்பது) தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறவை. புதிதாக எழும்புகிற டவர்கள் நமக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை போய் வயிறு நிறையச் சாப்பிட்டு, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாருங்கள், போதும். பொதுவாகவே 'தமிழர் ஏரியா' என்று தேடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கறிவேப்பிலையும் இட்லி மாவும் இன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஒரு விதிவிலக்கு: வீட்டில் இருக்கப் போகிறவருக்கு இந்தி துளியும் தெரியாது என்றால், முதல் வருடம் பக்கத்தில் தமிழ் பேசுகிற நாலு பேர் இருப்பது பெரிய ஆறுதல். அந்த வருடத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். நீங்கள் ஆபீஸ் போய்விடுவீர்கள், பால்காரரோடும் வாட்ச்மேனோடும் பேசி வீட்டை நடத்துவது அவர்.

அந்தக் கணக்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு நான் முதலில் சொல்வது செம்பூர். ஹார்பர் பாதையில் இடையில் திலக் நகர், அடுத்தது குர்லா. சாலை வழியும் உண்டு: சாந்தாகுரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலை 2014-இல் வந்தது, சுனாபட்டியிலிருந்து நேராக பி.கே.சி.க்குள் இறங்கும் மேம்பாலம் 2019-இல். ரயில் நின்றுபோனாலும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காய்கறிச் சந்தையும் ஸ்டேஷனை ஒட்டியே.

குறையும் இருக்கிறது. மாஹுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே ரோட்டில் உரத் தொழிற்சாலை, அந்தப் பக்கம் தேவனார் குப்பைக் கிடங்கு. மகளுக்கு வீசிங் தொந்தரவு இருந்தால் அந்தத் திசையே வேண்டாம். திலக் நகர், சேடா நகர், சுபாஷ் நகர் பக்கமாகவே பாருங்கள். இன்னொன்று, செம்பூரில் எந்தத் தெருவிலும் ஒரு கட்டடத்தையாவது இடித்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய சொசைட்டியில் (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கட்டடம்) வீடு பார்த்தால், ரீடெவலப்மென்ட் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று செக்ரட்டரியிடமே கேளுங்கள். புரோக்கர் "அதெல்லாம் இன்னும் பத்து வருஷம் ஆகும் சார்" என்பார். பில்டரோடு கையெழுத்தாகிவிட்டது என்றால், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் வேறு வீடு தேட வேண்டி வரும்.

தாணேக்கு ஒரு பெரிய அனுகூலம், அங்கிருந்தே கிளம்புகிற வண்டிகள். மத்திய ரயில்வேயில் காலை நேரம் உட்கார இடம் கிடைப்பது பெரிய சொத்து. முலுண்டில் ஏறுகிற எங்களில் சிலர் எதிர்த்திசையில் தாணே வரை போய், அங்கே வண்டி கிளம்பும் முன்பே இடம் பிடித்துத் திரும்புவோம். மூன்று பேர் இருக்கையில் நாலாவதாகத் தொற்றிக்கொள்ள இடம் கேட்டால் மற்ற மூவரும் சத்தமில்லாமல் நகர்ந்து கொடுப்பார்கள். அது இந்த ஊர் மரியாதை. ஆனால் 'தாணே' என்று விளம்பரம் செய்யப்படும் பெரிய பெரிய குடியிருப்புகள் கோட்பந்தர் ரோட்டில் இருக்கும். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், செம்பூர் வாடகைக்கு இங்கே இன்னொரு அறை அதிகம். ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மெட்ரோ வரப்போகிறது என்பார்கள். ஓடுகிற மெட்ரோவுக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

நவி மும்பை, சிட்கோ என்ற மாநில அரசு நிறுவனம் திட்டமிட்டுக் கட்டிய ஊர். அகலமான சாலை, மரம், நடக்க நடைபாதை. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மூச்சு முட்டாது. செம்பூரில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் நெருலில் இரண்டு அறை பார்க்கலாம். பிரச்சினை ஹார்பர் பாதைதான். அங்கே ஃபாஸ்ட் லோக்கல் கிடையாது, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். குர்லா, சுனாபட்டி பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் ஹார்பர் அங்கேயே படுத்துவிடும். மனைவிக்கும் வேலை, அதுவும் ஐரோலி, மகாபே பக்கம் என்றால் என் பதில் மாறும்: அப்போது வாஷி பாருங்கள். காலையில் அவர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவார், நீங்கள் ஒருவர் மட்டும் கூட்டத்தில் போனால் போதும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது, மித்தி ஆறு கரை கடந்து குர்லா மூழ்கியது. அந்த அளவு திரும்ப வரவில்லை. ஆனால் கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். ஹிந்த்மாதா, சயான், கிங்ஸ் சர்க்கிள், குர்லாவின் தாழ்வான தெருக்கள் இதற்குப் பேர்போனவை. ஒரு வீடு பிடித்துப்போனால் கீழே இருக்கிற மளிகைக் கடைக்காரரிடம், "தண்ணீர் எதுவரை வரும்?" என்று கேளுங்கள். நான் கேட்ட ஒரு கடையில் அவர் பதிலே பேசவில்லை, ஷட்டரில் துருப்பிடித்த கோட்டைக் காட்டினார், என் முழங்காலுக்கு மேலே இருந்தது. வீட்டுக்குள் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அலமாரியைத் திறந்து உள்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஊறல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் இங்கே பெரும்பாலும் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்', அதாவது குத்தகை உரிமை இல்லாமல் குடியிருக்க மட்டும் அனுமதி. சென்னையில் 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்பார்கள். மகாராஷ்டிராவில் 1999 வாடகைச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும். அலையத் தேவையில்லை, கைரேகை மெஷினோடு ஏஜென்ட் வீட்டுக்கே வருவார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. 11 மாதம் முடிந்து புதுப்பிக்கும்போதும் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், வீட்டுக்காரரோடு நேரில் பேசி அதைத் தவிர்த்தேன். நீங்களும் முதல் ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள். முன்பணம் சில மாத வாடகை இருக்கும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வி சில சொசைட்டிகளில் முதல் கேள்வியாகவே வரும். சமைப்பீர்கள் என்றால் அப்படியே சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள். ஒளித்துக் குடியேறினால் மீன் வறுக்கிற ஒவ்வொரு நாளும் ஜன்னல் சாத்த வேண்டும்.

முடிந்தால் குடும்பத்தை அழைத்து வருமுன் நீங்கள் மட்டும் ஒரு மாதம் செம்பூரிலோ மரோலிலோ பேயிங் கெஸ்டாக இருந்து, ஆபீஸ் நேரத்திலேயே இரண்டு வழியையும் போய்ப் பாருங்கள். சென்னை பீரோவை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒப்பந்தம் போட்ட வீட்டின் லிஃப்ட் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். என் மாமனார் சீராகக் கொடுத்த பீரோ இன்னமும் டோம்பிவிலியில் நண்பர் வீட்டில்தான் நிற்கிறது.