மலையேற்றத்துக்கும் பயணத்துக்கும் குறைந்த விலையில் என்னென்ன எலக்ட்ரானிக் சாதனங்கள் வாங்கலாம்?

இப்போதுதான் மலையேற ஆரம்பித்திருக்கிறீர்கள், கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஆக்‌ஷன் கேமராவும் ஸ்மார்ட் வாட்ச்சும் அப்புறம். முதலில் ஒரு ஹெட் டார்ச், அடுத்து 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். பாதிப் பணம் மிஞ்சும்.

"போன்லயே டார்ச் இருக்கே" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் ஒருமுறை இரவில் கோவை பக்கம் ஏழு மலை சேர்ந்த வெள்ளியங்கிரி ஏறிப் பார்க்கட்டும். அடிவாரத்துப் பூண்டியில் வாங்கிய மூங்கில் தடி ஒரு கையில் இருக்கும். இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும். போனை எதில் பிடிப்பது?

நானும் மச்சானும் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது ஆறாவது மலையில், ஆண்டி சுனை பக்கத்தில், பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட வந்த பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். போன் அணைந்துவிட்டது. "விடியற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன் தம்பி, நீங்க போங்க" என்றார். குளிரில் உதடு நடுங்குகிறது. மச்சான் தன் ஹெட் டார்ச்சைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, "எந்திரிங்கய்யா, போலாம்" என்றான். என் வெளிச்சத்திலேயே அவனும் நடந்தான். முதல் மலை உச்சி வெள்ளை விநாயகர் கோவிலுக்கு வருவதற்குள் விடிந்துவிட்டது. அந்த டார்ச்சின் விலை 850 ரூபாய்.

அன்றைக்கு எங்களைக் கடந்துபோன கூட்டத்தில் பாதிப் பேர் கையில் புளூடூத் ஸ்பீக்கர். யானை நடமாடும் காட்டில், சாமி மலையில், குத்துப்பாட்டு! அந்தப் பெரியவரைத் தாண்டித்தானே அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்? இன்னும் ஆறவில்லை எனக்கு. தயவுசெய்து ஸ்பீக்கர் மட்டும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: டார்ச் பேட்டரியில் 18650 என்று செல்லின் அளவைப் போட்டு 9,900 எம்ஏஎச் என்றிருந்தால் பொய். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்கே 3,500 பக்கம்தான் வரும். மழை, பனி தாங்க, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று சொல்கிற ஐபிஎக்ஸ்4 தரம் போதும். பவர் பேங்கில் 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டில் வெளியே வருவது ஆறாயிரத்தை ஒட்டித்தான். பெட்டியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததைத் தொடாதீர்கள். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால் பவர் பேங்கைப் பையின் வெளிப்பக்கம் வைக்காமல் சட்டைக்குள் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை, அதனால்தான் பிராண்ட் பெயர் எதுவும் சொல்லவில்லை. விமானத்தில் போவதாக இருந்தால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். 100 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் சொன்ன 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 37 வாட் அவர்தான்.