கால்நடை டாக்டர் பதில்கள்: சீசருக்கு வலிக்கிறதா?

கேள்வி: எங்கள் சீசர் ராட்வைலர். 8 வயது, 45 கிலோ. தீபாவளி முடிந்த கையோடு இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தான். திண்ணையிலிருந்து குதித்ததில் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவினோம். மணிக்கட்டுக்கு மேலே வீங்கியது. எக்ஸ்ரே எடுத்து, ஊசியில் செல் எடுத்துப் பார்த்து, எலும்புப் புற்றுநோய், ஆஸ்டியோசர்கோமா என்று சொல்லிவிட்டார்கள். காலை எடுத்துவிட்டு கீமோ கொடுத்தாலும் ஒரு வருடம் போலத்தானாம். 'காலை வெட்டி அவனை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும்?' என்கிறார் கணவர். பத்தாவது படிக்கும் மகன் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று அழுகிறான். மாமியார், கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போகலாம் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சாப்பிடுகிறான், பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் கேட்டுக்குப் போகிறான். வலி இருந்தால் இப்படி இருப்பானா? தினமும் கோழி எலும்பு போட்டோமே, அதனால் வந்ததா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்க விடாமல் வைத்திருக்கும். இல்லை. கோழி எலும்பாலும் வரவில்லை, திண்ணையிலிருந்து குதித்ததாலும் வரவில்லை. வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதை நிறுத்த வேண்டும், அது வேறு கதை. நாய்களுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் நூற்றுக்கு 85 இந்த ஆஸ்டியோசர்கோமாதான். ராட்வைலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய உடம்புக்காரர்களைத்தான் தேடி வரும், பொமரேனியனுக்கு அபூர்வம். உடல் எடை, குட்டியில் எலும்பு மளமளவென்று வளர்வது, பரம்பரை எல்லாம் சேர்ந்த விஷயம். முன்னங்காலில் முழங்கைக்குத் தூரமாக, பின்னங்காலில் முட்டிக்குப் பக்கத்தில் என்று கல்லூரியில் எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. சீசருக்கு வந்திருப்பது அச்சாக அந்த இடத்தில்.

அடுத்து, வலி. இருக்கிறது அம்மா, நிறையவே இருக்கிறது. நாய் கத்தினால்தான் வலி என்று நாம் நினைக்கிறோம். மெதுவாக வளரும் வலிக்கு நாய் கத்தாது. சாப்பிடும், பால்காரரைப் பார்த்துக் குரைக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மூச்சிரைத்துக்கொண்டு இடம் மாறிப் படுக்கும். இன்று ஒன்று செய்யுங்கள். சீசரை நேராக நிற்க வைத்து, இரண்டு கைகளையும் அவன் தோள்பட்டைகள் மேல் வையுங்கள். இடது பக்கம் சதை வற்றி, தோள்பட்டை எலும்பின் நடு மேடு கையில் தட்டுப்படும். பிறகு நகங்களைப் பாருங்கள். மற்றப் பாதங்களில் தரையில் உரசித் தேய்ந்திருக்கும், இடது முன் பாதத்தில் மட்டும் நீண்டிருக்கும். காலை எத்தனை நாளாக ஊன்றாமல் இருக்கிறான் என்பதை அந்த நகம் சொல்லும். மணிக்கட்டை நக்கி நக்கி முடி பழுப்பாகியிருந்தால் அதுவும் வலிதான்.

ஆகவே, ஆபரேஷனா இல்லையா என்று வீட்டில் பேசி முடிக்கிற வரை வலி மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனி முடிவு. வலிக்கு இன்றே ஆரம்பிக்க வேண்டும். மற்றதற்கு நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளலாம்.

மெலாக்சிகாம் வகை மருந்து ஒன்று, கூடவே நரம்பு வலிக்கு கேபாபென்டின் என்று இரண்டும் சேர்த்துத்தான் பெரும்பாலும் தொடங்குவோம். அதற்கு முன் ரத்தத்தில் கிட்னியும் கல்லீரலும் பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ மலம் தார் மாதிரி கறுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மெலாக்சிகாம் ஓடும்போது யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் தடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வரும் ஆபத்து அதிகம். மாமனாரின் மூட்டு வலி மாத்திரையை ஒடித்துக் கொடுப்பது அறவே கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு விஷம். (டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்றுதான் நம் பாறு கழுகுகள் கிட்டத்தட்ட அழிந்தே போயின. 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ததே அதனால்தான்.) கேபாபென்டின் மனிதர்களுக்கான சிரப்பாக வாங்கினால் அதில் சைலிட்டால் இனிப்பு சேர்த்திருக்கலாம், அதுவும் நாய்க்கு ஆகாது. மாத்திரையாகவே வாங்குங்கள்.

தைலம் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் பாசத்தில்தான் சொல்கிறார். முறிந்த எலும்பைக் கட்டுப்போட்டு ஒட்ட வைக்கிற வேலை இது இல்லை. கரையான் அரித்த மரம் போல எலும்பு உள்ளே பொரபொரத்துப் போயிருக்கிறது. அழுத்தி நீவினால் ஒடியும், ஒடிந்தால் ஒட்டாது.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. காலை வெட்டுவது கொடுமை என்று படிப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் நினைப்பீர்கள். அந்தக் கால்தான் இப்போது கொடுமை. அதை எடுத்தால் வலியின் ஊற்றே போய்விடுகிறது. தையல் பிரிக்குமுன்பே மூன்று காலில் வாசல் வரை வந்து நிற்கிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்து வருத்தப்படுவதெல்லாம் நமக்குத்தான். ஆனால் சீசர் விஷயத்தில் இரண்டு யோசனைகள். நாயின் எடையில் நூற்றுக்கு அறுபது முன்னங்கால்கள் மேல்தான் இருக்கிறது, எனவே முன்னங்கால் போனால் பழகக் கொஞ்சம் கூடுதல் நாளாகும். இன்னொன்று, ராட்வைலருக்கு இந்த வயதில் இடுப்பு மூட்டும் முழங்கையும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். மீதி மூன்று கால்கள் 45 கிலோவைத் தாங்குமா என்று எலும்பு டாக்டர் தொட்டு, மடக்கி, நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். நுரையீரலை மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஏற்கெனவே கட்டி தெரிந்தால், பெரிய ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நோய் பரவவில்லை என்று அர்த்தமில்லை. கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்கு நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் விதை விழுந்திருக்கும். அதனால்தான் காலை மட்டும் எடுத்தால் 4, 5 மாதம். கூடவே கார்போபிளாட்டின் போன்ற கீமோவை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கிலிருந்து ஆறு முறை ஏற்றினால் 10 முதல் 12 மாதம் என்கிறோம். பாதி நாய்கள் இந்தக் கணக்குக்கு முன்பே போய்விடும், மீதிப் பாதி இதைத் தாண்டும். கீமோவோடு ஐந்தில் ஒன்று இரண்டு வருடம் இருக்கிறது. மகனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், பத்தாவது படிக்கிற பையனுக்குப் புரியும்.

கீமோ என்றதும் மொட்டைத்தலை, ஓயாத வாந்தி என்று பயப்பட வேண்டாம். நாய்க்கு நாங்கள் கொடுக்கிற அளவே குறைவு. முடி பெரும்பாலும் கொட்டாது, மீசை உதிரும். ஓரிரு நாள் சோறு வேண்டாம் என்பான். ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது ரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் அவன் சிறுநீரைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வரக் கூடாது.

உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய இடம் என்றால் சென்னை வேப்பேரி, 1903லிருந்து இருக்கிற கல்லூரி. கீமோ, ஆபரேஷன் இரண்டுக்கும் என்ன வசதி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நொண்டுகிற 45 கிலோ நாயை வண்டியில் ஏற்றி இறக்குவதே ஒரு நாள் வேலை.

பணம் இல்லை, அல்லது மனசு ஒப்பவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால் அது ஒன்றும் பாவம் இல்லை. அப்போது கையில் இருப்பது ஒன்றிலிருந்து மூன்று மாதம். எலும்பு அரிப்பைக் குறைக்க மனிதர்களுக்குப் போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ட்ரிப் சில நாய்களுக்கு நல்ல நிவாரணம் தரும், கேட்டுப் பாருங்கள். கதிர்வீச்சும் வலியைத் தணிக்கும், ஆனால் நாய்க்கு அது கொடுக்கிற இடம் நம் நாட்டில் மிகக் குறைவு. திண்ணைப் படியை மறித்துவிடுங்கள், குதிக்க விடாதீர்கள். ஒரு நாள் வீல் என்று கத்தி, கால் தொங்கிப்போனால் எலும்பு ஒடிந்துவிட்டது என்று பொருள். அது ஒட்டாது. அன்று என்ன செய்வது, எந்த டாக்டர், ராத்திரி என்றால் யார் என்பதை இப்போதே கணவரும் நீங்களும் பேசி எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யாது.

'எப்போது அனுப்புவது' என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். அடுக்களைக் காலண்டரில் தினமும் ராத்திரி ஒரு குறி போடுங்கள்: நல்ல நாள், கெட்ட நாள். வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம் என்று ஆறையும் நினைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு வாரத்தில் கெட்ட நாள் அதிகமானால் டாக்டரிடம் பேசுங்கள். உங்கள் சீசருக்குத் தனியாக ஒரு அடையாளமும் இருக்கிறது: பால்காரர் வண்டி வந்தும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தால், அதைக் குறித்து வையுங்கள்.

ஊசி போட்டு அனுப்புகிற நாளில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மயக்க ஊசி. ஆழ்ந்து தூங்கிய பிறகு நரம்பில் அளவுக்கு அதிகமான மயக்க மருந்து. ஒரு சில நிமிடம். கண் மூடாது, அதற்குத் தயாராக இருங்கள். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை நீளமாக மூச்சு வரலாம், சிறுநீர் போகலாம், அது அவன் உணர்ந்து செய்வது அல்ல. வீட்டுக்கே வர முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மகன் கூட இருக்க விரும்பினால் இருக்கட்டும், வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். பரீட்சை நேரம் என்று மட்டும் அவனிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் லேப்ரடார் ரோஸிக்குப் பின்னங்காலில் இதே நோய். காலை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. பகலில் நன்றாக இருக்கிறாள். திடீரென்று துள்ளி எழுந்து, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துக் கத்துகிறாள். டைல்ஸில் வழுக்கி வழுக்கி விழுகிறாள்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: கால் போனாலும் அந்தக் காலின் நரம்பு போய்விடவில்லை. மனிதர்களுக்கு வருவது போலவே நாய்க்கும் இந்த இல்லாத கால் வலி வரலாம். கேபாபென்டினை நிறுத்திவிட்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். டாக்டரிடம் சொல்லித் திரும்பத் தொடங்குங்கள். நிறுத்தும்போது அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தையல் சிவந்து, சூடாக, கசிந்துகொண்டிருந்தால் மட்டும் அது வேறு, உடனே காட்டுங்கள்.

டைல்ஸுக்கு விலை உயர்ந்த கார்ப்பெட் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் வாசலுக்கும் நடுவில் அவள் நடக்கிற பாதையில் பழைய யோகா மேட் அல்லது சணல் சாக்கு விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். உள்ளங்காலில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியைக் கத்தரித்துவிடுங்கள், பாதி வழுக்கல் அதனால்தான். எழும்போது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்குங்கள். லேப்ரடார் என்பதால் இதையும் சொல்கிறேன்: பாவம் என்று பிஸ்கட் போடாதீர்கள். மூன்று காலுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சு எக்ஸ்ரே.

கேள்வி: எங்கள் நாய் இதே நோயில் போன வாரம் இறந்துவிட்டது, ஊசி போட்டுத்தான் அனுப்பினோம். ஆபீஸில் லீவு கேட்டதற்குச் சிரித்தார்கள். அது இருக்கட்டும். தோட்டத்தில் புதைத்தோம், ஆழம் போதுமா என்று சந்தேகம். மீதி மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுக்கலாமா? அதற்கும் கால் வலி.
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சிரித்தவர்களை விட்டுத் தள்ளுங்கள். பத்து வருடம் வாசலில் காத்திருந்த ஒரு ஜீவன் போனால் லீவு போடத்தான் வேண்டும்.

நாலடிக்குக் குறைவாகத் தோண்டியிருந்தால் மேலே மண்ணைக் கொட்டி மேடாக்கி, தெருநாய் பறிக்காதபடி கல் அடுக்கிவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம், ஊசி மருந்து உடம்பில் அப்படியே இருக்கும், தோண்டித் தின்கிற நாயும் காக்கையும் சாகும். கிணறு, போர் பக்கத்தில் இருந்தால் அந்த இடம் சரியில்லை, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு மாற்று ஏற்பாடு செய்யுங்கள்.

மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அந்த நாயின் எடை வேறு, கிட்னி வேறு, காலில் என்ன என்றே இன்னும் தெரியாது. மீதியை உங்கள் டாக்டரிடமே கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நொண்டல் பத்து நாளைத் தாண்டிவிட்டது, நாயும் பெரிய நாய் என்றால், தைலத்துக்கு முன் எக்ஸ்ரே.