போத்தலில் எட்னா என்ற பெயரே இல்லை, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறேன். நான் வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவின் பிறந்தநாளுக்காக 38 யூரோ கொடுத்து ஒரு சிவப்பு வைன் வாங்கினேன். எட்னா மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்தில், வடக்குச் சரிவில் விளைந்த உள்ளூர்த் திராட்சை, பயோடைனமிக் முறை என்றெல்லாம் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிளில் எட்னாவையே காணோம், ‘ஐஜிடி தெர்ரே சிசிலியானே’ (சிசிலி நிலங்கள் என்ற பரந்த வட்டாரப் பெயர்) என்றுதான் இருக்கிறது. கடையில் ருசிக்க ஊற்றியபோதே நிறம் வெளிறித்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: எட்னா என்று போடவில்லை என்பதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொன்ன உயரம் உண்மையானால் அந்தப் பெயர் லேபிளில் இருக்கவே கூடாது! 1968-இல் எட்னாவுக்கு டிஓசி, அதாவது குறிப்பிட்ட இடத்தின் பெயரை வைனுக்குப் போட அரசு தரும் அங்கீகாரம், கொடுத்தபோதே எந்த நிலம் உள்ளே, எது வெளியே என்று எல்லை வகுத்துவிட்டார்கள், வடக்கில் ராந்தாட்சோ என்ற ஊர்ப் பக்கம் அது சுமார் 800 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலேயும் பழைய கொடிகள் இருக்கின்றன, ஆனால் அந்த வைனை எட்னா என்று விற்க முடியாது, ஐஜிடி போன்ற வேறு பெயரில்தான் விற்க வேண்டும். அதே வடக்குச் சரிவு, அதே ஆயிரம் மீட்டர் என்று சொல்லி ‘எட்னா ரோஸ்ஸோ’ (எட்னா சிவப்பு) என்று அச்சிட்ட போத்தலை நீட்டியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆனால் ஐஜிடி முழு சிசிலிக்கும் பொது, கடலோரத் திராட்சைக்கும் அதேதான். அதனால் பின்பக்க லேபிளில் திராட்சையின் பெயரைத் தேடுங்கள். எட்னாவின் உள்ளூர்ச் சிவப்புத் திராட்சையான ‘நெரெல்லோ மஸ்கலேசே’ என்று ஒன்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நிறக் கவலையும் அதோடு தீர்ந்துவிடும், நெரெல்லோவின் தோலில் நிறம் குறைவு, அடர் நிறமுள்ள சிசிலி வைனான நேரோ தாவோலா குடித்துப் பழகிய கண்ணுக்குத் தண்ணீர் கலந்ததுபோலத்தான் தெரியும். மேலே இரவுக் குளிரில் பழம் மெதுவாகப் பழுத்து அக்டோபரில்தான் அறுவடை, அதனால் புளிப்பும் தூக்கலாக இருக்கும்.

அப்புறம் பயோடைனமிக். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு தண்ணீரில் கலக்கித் தெளிப்பது, நம் ஊர் இயற்கை விவசாயிகள் கொம்பு சாண உரம் என்று சொல்வது. 1924-இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளில் இருந்து வந்த முறை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோர்ஜோ பரீசி இதற்கு எதிராகக் குரல் கொடுத்தார், 2022-இல் வந்த இத்தாலிய இயற்கை வேளாண் சட்டத்தில் இதை இயற்கை வேளாண்மைக்குச் சமமாக வைக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். எனக்கும் கொம்பில் நம்பிக்கை இல்லை, ஆனால் களைக்கொல்லி அடிக்காத தோட்டம் என்றால் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இதற்கு அரசு முத்திரை கிடையாது, தனியார் அமைப்பான தெமேத்தரின் முத்திரையைப் பாருங்கள். பச்சை இலைச் சின்னம் இருந்தால் ஐரோப்பிய ஆர்கானிக் சான்று உண்டு என்று மட்டும்தான் அர்த்தம்.

இரண்டும் இல்லையா? சிறு விவசாயிகள் சான்றிதழுக்குப் பணம் கட்டாமலே அப்படிச் செய்வதும் உண்டு, அதனால் கடைக்காரரிடம் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். கடையில் வாங்கியதை மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமை கிடையாது, இணையத்தில் வாங்கினால்தான் 14 நாள். ஆனால் சொன்னதும் பொருளும் ஒத்துப்போகவில்லை என்றால் கதை வேறு, நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம். ஸ்கொந்த்ரீனோவை (கடை ரசீதை) தொலைத்துவிடாதீர்கள், கடைக்காரரிடம் கேட்கும் வரை போத்தலைத் திறக்கவும் வேண்டாம்.